பியோனி பூக்கவில்லை: மூன்று தூர், மூன்று விதமான கோளாறு

நந்தியாவட்டை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தோட்டத்தில் செடிப் பியோனி (குளிர் நாட்டுப் பூச்செடி) மூன்று தூர் இருக்கு. மரப் பியோனி இல்லை. குளிர்காலத்தில் தண்டு முழுக்கக் காய்ந்து தரையோடு மறைந்துவிடும் வகை. மூன்றும் தொட்டியில் வாங்கி வசந்தத்தில் நட்டவை. நட்டு நாலு வருஷம் ஆச்சு. மூன்றிலும் சரியாகப் பூ வரலை, ஆனால் மூன்றும் ஒரே மாதிரி இல்லை.

முதல் தூர் சாரா பெர்னார்ட் ரகம். எட்டுத் தண்டு, 80 செ.மீ. உயரம் வரை வரும், கரும்பச்சை இலை. மொட்டே வைப்பதில்லை.

இரண்டாவது ஃபெஸ்டிவா மாக்சிமா. ஒரு பெரிய மரத்துக்கு மூன்று மீட்டர் தள்ளி நிற்குது. மொட்டு வருது, பட்டாணி அளவுக்கு வந்ததும் பழுப்பாகிச் சுருங்கி அப்படியே காம்பில் நிற்குது.

மூன்றாவது கார்ல் ரோசன்ஃபீல்ட். இதில் மொட்டு பெரிசாகி நிறம்கூடத் தெரிய ஆரம்பிச்சது. பிறகு இரண்டு மொட்டு கருத்து மெத்தென்று ஆகிவிட்டது. ஒரு தண்டு ராத்திரியோட ராத்திரியா அடியில் மடிந்து சாய்ந்துவிட்டது.

மண் களிப்பாங்கு, கார அமில நிலை 6.2. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மரப்பட்டைத் துண்டு 7 செ.மீ. மூடாக்கு போடுவேன், எடுப்பதில்லை. பக்கத்துப் புல்தரைக்குப் போடும் உரம்தான் இங்கேயும் விழுது. தண்ணீர் சாயங்காலம் தூவான் (ஸ்பிரிங்க்ளர்) வழியா. எல்லா மொட்டிலும் எறும்பு மொய்க்குது. எறும்புதான் காரணமா? மருந்து அடிக்கலாமா? இப்போ தண்டு 40 செ.மீ. வளர்ந்திருக்கு. இப்பவே தோண்டி எடுத்து மேலே தூக்கி நடலாமா?

---

வேர்க்கால்

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: இப்போது தோண்டாதீர்கள். வசந்தத்தில் கிழங்குவேரில் இருக்கும் சேமிப்பு முழுவதும் தண்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். உறிஞ்சுவேர்கள் மண்ணோடு பிணைந்திருக்கும். இந்த நேரத்தில் கிளப்பினால் இந்த வருடத்துப் பூவோடு அடுத்த வருடத்துப் பூவும் போய்விடும். தூர் கிளப்ப இலையுதிர் காலம் ஒன்றுதான் சரியான நேரம்.

பூக்காத பியோனி என்று பொதுவாகச் சொன்னால் எவராலும் காரணம் சொல்ல முடியாது. மொட்டு எந்த அளவில் நின்றது என்பதுதான் சாவி. நீங்கள் அதைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், அதனாலேயே பாதி வேலை முடிந்தது. மொட்டே வைக்கவில்லை என்றால் கோளாறு போன வருடத்தையும் மண்ணுக்கடியையும் சேர்ந்தது. பட்டாணி அளவில் காய்ந்தால், இந்த வசந்தத்தில் செடிக்கு ஏதோ போதவில்லை. பெருத்தபின் கருத்தால் நோய்.

நான் முதல் தூரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எனக்கு ஆழத்தின் மேல்தான் முழுச் சந்தேகமும்.

பியோனியின் அடுத்த வருடப் பூ, இந்த வருடப் பூ முடிந்தபின் கோடையின் பிற்பகுதியிலேயே மண்ணுக்குள் இருக்கும் கண்களில் உருவாகத் தொடங்கிவிடும். (உருளைக்கிழங்குக்குக் கண் என்கிறோமே, அதே பொருளில்தான் சொல்கிறேன்; வேர்த்தலையில், அதாவது தண்டும் வேரும் சேரும் கட்டையில், இளஞ்சிவப்பாக அல்லது தந்த நிறத்தில் கூம்பாக இருக்கும்.) அந்தக் கண்ணுக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. மண் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் குளிர்காலக் குளிர் கண்ணுக்கு முழுதாக எட்டாது. மண்ணைத் துளைத்து மேலே வரவே சேமிப்பில் பெரும்பகுதி செலவாகும். இலை அழகாக வரும், மொட்டு வராது. நீங்கள் சொன்ன தோற்றம் அப்படியே இதுதான்.

தொட்டியில் வாங்கிய செடியில் இது அடிக்கடி நேர்கிறது. தொட்டியில் வைக்கும்போதே வேர்த்தலையைப் புதைத்து வைத்திருப்பார்கள். நாம் தொட்டி மண்ணின் மட்டத்தையே தோட்டத்து மட்டமாக எடுத்துக்கொண்டு நடுவோம். அதன்மேல் உங்கள் மூடாக்கு வேறு. நான்கு வருடம் போட்டு எடுக்காமல் விட்ட மரப்பட்டை மக்கி மண்ணாகியிருக்கும். செடியைப் பொறுத்தவரை அதுவும் ஆழம்தான்.

அளந்து பாருங்கள். கையால்தான் செய்ய வேண்டும், கொத்து வேண்டாம். மூடாக்கை முழுக்க ஒதுக்குங்கள். ஒரு தண்டைத் தேர்ந்தெடுத்து, அதன் ஓரமாக இரண்டு விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டே கீழே போங்கள். தண்டு வழுவழுப்பாக, வெளிறிய இளஞ்சிவப்பாக இறங்கிப்போய் ஓரிடத்தில் பழுப்பான, முண்டும் முடிச்சுமான கட்டையில் முட்டும். அந்தச் சந்திதான் கண் இருந்த மட்டம். மண்மேல் ஒரு நேரான குச்சியைக் குறுக்கே வைத்து, அதன் அடிப்பக்கத்திலிருந்து சந்தி வரை அளவுகோலால் அளங்கள். மூன்று தண்டிலாவது பாருங்கள். வேர்த்தலை சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் 4, மறுபக்கம் 9 என்று வரும்.

7 செ.மீ.க்கு மேல் இருந்தால் தோண்டாமலே முதல் சிகிச்சை உண்டு: மேல்மண்ணை எடுத்துவிடுங்கள். ஆனால் தூரைச் சுற்றி மட்டும் கிண்ணம்போல் பறித்தால் களிமண்ணில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். 60 செ.மீ. வட்டத்துக்குச் சீராக வழித்து, வெளிப்பக்கம் சரிவாக விடுங்கள். சரிவு விட முடியாத அளவு தாழ்ந்திருந்தால் இலையுதிர் காலம் வரை பொறுத்துக் கிளப்பத்தான் வேண்டும்.

புல்தரை உரத்தைப் பியோனிப் பக்கம் விழாமல் நிறுத்துங்கள். அதில் தழைச்சத்து தூக்கலாக இருக்கும். கரும்பச்சை இலையும் மொட்டின்மையும் அதனாலும் வரும். பியோனிக்குத் தழை குறைந்த 5-10-10 (தழை, மணி, சாம்பல்சத்து என்ற வரிசையில்) போன்ற கலவை, வளர்ந்த தூருக்கு 50 முதல் 60 கிராம், பூ முடிந்த கையோடு ஒரு தடவை. தண்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி வளையமாகத் தூவி மண்ணோடு கலந்து தண்ணீர் விடுங்கள். வேர்த்தலைமேல் விழக் கூடாது. புதுச் சாணம் அறவே வேண்டாம்.

---

தூறல்

மூணாவது தூரை முதல்ல கவனிங்க. மத்த ரெண்டும் காத்திருக்கும், இது காத்திருக்காது.

பெரிய மொட்டு கருத்து மெத்துனு ஆகுறது, தண்டு அடியில மடியறது, ரெண்டும் சேர்ந்து வந்தா போட்ரைடிஸ் பூஞ்சைதான். சாம்பல் பூசணம்னும் சொல்வாங்க. காலையில பனி காயறதுக்கு முன்னாடி போய் அந்தக் கருத்த மொட்டையும் சாய்ஞ்ச தண்டோட அடியையும் கிட்டப் போய்ப் பாருங்க. சாம்பல் நிறத்துல மெல்லிய பஞ்சு மாதிரி படிஞ்சிருக்கும். தொட்டா புகை மாதிரி கிளம்பும். அந்தப் புகை அத்தனையும் வித்து. அதனால தொடாம பாக்குறது நல்லது.

பஞ்சு எதுவும் இல்லாம, தண்டு தோல் மாதிரி கருப்பா இறுகி, கருமை கீழ வேர்த்தலைக்குள்ளயே இறங்கிப் போயிருந்தா அது ஃபைட்டோஃப்தோரா அழுகல் நோய். தண்ணி தேங்குற களிமண்ணுல வரும். அதுக்குத் தூரை மண்ணோட தோண்டி அப்புறப்படுத்துறதைத் தவிர வழி கிடையாது. அந்த இடத்துல மறுபடி பியோனி நடவும் கூடாது. ஆனா நீங்க எழுதினதை வச்சுப் பார்த்தா போட்ரைடிஸ்தான்.

இன்னிக்கே செய்ய வேண்டியது: இலை காய்ஞ்சிருக்குற நேரமாப் பார்த்து, ஒரு பிளாஸ்டிக் பையைச் சாய்ஞ்ச தண்டுமேல முதல்ல மாட்டுங்க, அப்புறம் வெட்டுங்க. தண்டை மண்ணை லேசா விலக்கி மண்மட்டத்துக்கும் கொஞ்சம் கீழ வெட்டணும். கருத்த மொட்டை நல்ல இலை வரைக்கும் இறக்கி வெட்டுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவுல கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலால துடைங்க. வெட்டினதை மக்குக் குழியில போடாதீங்க. வீட்டுக் குழியில வர்ற சூட்டுக்கு இது சாகாது.

தூவானை நிறுத்துங்க. சாயங்காலம் இலை நனைஞ்சா ராத்திரி முழுக்க ஈரம் காயாது, வித்து முளைக்க அது போதும். காலையில, அடியில மட்டும் விடுங்க. தூருக்கு நடுவுல நெருக்கமா இருக்குற ஒல்லித் தண்டு ரெண்டு மூணை எடுத்துட்டா காத்து ஓடும். உதிர்ந்த இதழ் இலைமேல ஒட்டிக்கிட்டு இருந்தா அதையும் எடுத்துடுங்க. ஈர இதழ் ஒட்டின இடத்துலதான் இலையில பழுப்புத் திட்டு ஆரம்பிக்கும்.

இலையுதிர் காலத்துல இலை மஞ்சளானதும் எல்லாத் தண்டையும் மண்ணோட மண்ணா வெட்டுங்க. அஞ்சு பத்து சென்டிமீட்டர் கட்டை விட்டு வெட்டுற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, போட்ரைடிஸ் வந்த தூருல அது தப்பு. அந்தக் கட்டையோட அடியிலதான் பூஞ்சை குண்டூசித் தலை அளவுக்குக் கருப்பா விதை மாதிரி உருவாகிக் குளிர்காலத்தைத் தாண்டும். வசந்தத்துல புதுக் குருத்து அதை உரசிக்கிட்டுத்தான் மேல வரணும். மரப்பட்டை மூடாக்கையும் மேல்மண் 2 செ.மீ.யும் வழிச்செடுத்துட்டுப் புது மண் போடுங்க. (செடிப் பியோனியும் மரப் பியோனியும் கலந்த இட்டோ வகை வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு: அதுல தண்டுலயும் கண் இருக்கும், 10 முதல் 15 செ.மீ. விட்டு வெட்டணும்.)

அடுத்த வசந்தத்துல குருத்து செக்கச் செவேல்னு 5 முதல் 10 செ.மீ. வந்ததும் தாமிர மருந்து இல்லைன்னா மான்கோசெப் பூஞ்சைக்கொல்லி, டப்பாவுல போட்டிருக்குற அளவுல, குருத்தும் சுத்தி இருக்குற மண்ணும் நனையுற மாதிரி. 10 - 14 நாளைக்கு ஒரு தடவை, மொட்டு நிறம் காட்டுற வரைக்கும். இது வர்றதைத் தடுக்கும், வந்ததைக் குணப்படுத்தாது. அதனால இப்ப அடிக்கிறதை விடச் சுத்தம் பண்றதுதான் முக்கியம்.

---

கீற்றுநிலா

எறும்புக்கு மருந்து அடிக்க வேண்டாம். பியோனி மொட்டை மூடியிருக்கும் பச்சைச் செதில்களின் ஓரத்தில் தேன் சுரக்கிறது. அதைக் குடிக்கத்தான் எறும்பு வருகிறது. மொட்டைக் கடிப்பதில்லை. எறும்பு வந்தால்தான் மொட்டு விரியும் என்ற நம்பிக்கையும் தவறு. எறும்பே வராத இடத்திலும் பூ விரியும். ஆனால் எறும்பு இருக்கும்போது மொட்டைத் தின்னும் வேறு பூச்சிகள் கிட்டே வரத் தயங்கும். விட்டுவிடுங்கள்.

இரண்டாவது தூர் விஷயத்துக்கு வருகிறேன். பட்டாணி அளவில் காய்வதற்குக் காரணம் ஒன்றல்ல. பிந்திய உறைபனி, தண்ணீர்த் தட்டுப்பாடு, நிழல், சாம்பல்சத்துக் குறைவு, இலைப்பேன் என்று பலவும் ஒரே தோற்றத்தைத் தரும். எனவே ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

உறைபனி என்றால் மூன்று தூரிலும் அடிபட்டிருக்கும். மற்ற இரண்டில் அந்தத் தோற்றம் இல்லை, அதனால் அதை விட்டுவிடலாம். இலைப்பேனைச் சோதிக்க ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து மொட்டைத் தட்டுங்கள். மெல்லிய கோடுபோல் பழுப்புப் பூச்சி நெளிந்தால் உண்டு. காய்ந்த மொட்டு ஒன்றை நீளவாக்கில் பிளந்தும் பாருங்கள். உள்ளே இதழ்கள் காகிதம்போல் உலர்ந்து, பூசணமோ துளையோ இல்லாமல் இருந்தால் செடியே அந்த மொட்டைக் கைவிட்டிருக்கிறது என்று பொருள்.

மூன்று மீட்டரில் பெரிய மரம் என்றதுமே எனக்குத் தோன்றியது நிழலைவிட வேர்ப்போட்டி. மரத்தின் வேர் கிளைப் பரப்பைத் தாண்டியும் ஓடும். மொட்டு பட்டாணியிலிருந்து கோலி அளவுக்குப் பருக்கும் இரண்டு மூன்று வாரத்தில் பியோனிக்குத் தண்ணீர் நிறையத் தேவை. அதே வாரங்களில்தான் மரமும் புது இலை விட்டு மண்ணை உறிஞ்சும். தூவான் மேலே நனைத்ததோடு சரி. ஒரு கம்பியை மண்ணில் குத்திப் பாருங்கள், 20 செ.மீ. வரை சிரமமில்லாமல் இறங்கினால் ஈரம் போதும், 8 - 10 செ.மீ.யில் நின்றால் வேர் இருக்கும் இடம் வறண்டிருக்கிறது. வாரத்துக்கு 2.5 செ.மீ. மழைக்குச் சமமான தண்ணீர், ஒரே தடவையில், மெதுவாக விடுங்கள்.

வெயிலையும் அளக்க வேண்டும். மரம் முழு இலை விட்ட பிறகு, ஒரு தெளிந்த நாளில் மணிக்கொரு தடவை போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வசந்தத் தொடக்கத்தில் இலையில்லாத மரத்தின் கீழ் பார்த்து வெயில் ஏராளம் என்று நம்பிவிடுவோம். நேரடி வெயில் 6 மணி நேரம் குறைந்தபட்சம். 8 என்றால் நல்லது. மிகச் சூடான இடமாக இருந்தால் பிற்பகல் நிழல் பூவின் ஆயுளைக் கூட்டும், அது வேறு.

6.2 பற்றிக் கவலை வேண்டாம். 6.5 முதல் 7 வரை பியோனிக்குச் சுகம், 6.2 இல் பூக்காமல் போகாது. சாம்பல்சத்துக்கு விறகுச் சாம்பல் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராமுக்கு மிகாமல் போட்டால் அமிலமும் சற்றுக் குறையும். அதற்கு முன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போடும் பொருள் அல்ல அது.

---

நந்தியாவட்டை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அளந்துட்டேன்.

சாரா பெர்னார்ட்: மூன்று தண்டில் 9, 10, 11 செ.மீ. அதில் மேலே 4 செ.மீ. கருப்பா, பொலபொலன்னு மக்கின மரப்பட்டை. வேர்க்கால் ஐயா சொன்னது சரி. அதை வழிச்சாலும் 5 - 7 செ.மீ. மிஞ்சும், அதுக்குமேல் பறிச்சா பள்ளம் ஆகுது.

ஃபெஸ்டிவா மாக்சிமா: நேரடி வெயில் நாலு மணி நேரம். கம்பி 9 செ.மீ.க்கு மேல் இறங்கலை. பிளந்த மொட்டு உள்ளே உலர்ந்த காகிதம்தான்.

கார்ல் ரோசன்ஃபீல்ட்: காலையில் பார்த்தேன், சாம்பல் பஞ்சு இருக்கு. வெட்டிப் பையில் கட்டிட்டேன்.

முதல் இரண்டையும் இலையுதிர் காலத்தில் கிளப்பி இடம் மாற்றலாம்னு இருக்கேன். அதோடு பிரிச்சும் நடலாமா? எத்தனையாகப் பிரிக்கலாம்? முன்னாடி தொட்டியிலிருந்து எடுத்து வச்சதோடு சரி, பிரிச்சு நட்ட பழக்கம் இல்லை.

---

வேர்க்கால்

முதல் தூருக்கு மேல் 4 செ.மீ.யை இப்போதே வழித்துவிடுங்கள். 5 செ.மீ. வந்த பக்கத்தில் அடுத்த வருடமே ஒன்றிரண்டு பூ வரலாம். கிளப்புவதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாமே என்று சொல்வேன். ஆனால் களிமண்ணில் பள்ளம் தங்கிவிடும் என்றால் கிளப்புவதே பத்திரம்.

இரண்டாவது தூரை இடம் மாற்றத்தான் வேண்டும். நான்கு மணி நேர வெயிலில் தண்ணீர் எவ்வளவு விட்டாலும் நிறைவாகப் பூக்காது.

இடம் மாற்றும்போது பிரிக்காமல் முழுத் தூரையும் அப்படியே நடுவதைத்தான் பலரும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். பியோனியில் அது தலைகீழ். கிளப்பும்போது உறிஞ்சுவேர் எல்லாம் அறுந்துபோகும். பெரிய தூரில் பத்துப் பன்னிரண்டு கண்ணும் வசந்தத்தில் ஒரே நேரத்தில் கிளம்பும். அவற்றுக்குத் தண்ணீர் ஊட்ட வேர் இருக்காது. பழைய வேரின் சேமிப்பை நம்பிக்கொண்டு புது வேர் விடாமலே சில வருடம் சோர்ந்து நிற்கும். மூன்று முதல் ஐந்து கண் உள்ள துண்டுதான் வேகமாகப் புது வேர் விடும். ஒன்றிரண்டு கண் உள்ளதும் பிழைக்கும், பூக்க இன்னும் ஒன்றிரண்டு வருடம் கூடும். நான்கு வயதுத் தூர் என்றால் இரண்டு, மிஞ்சினால் மூன்று துண்டு.

நேரம்: இலை நிறம் மாறத் தொடங்கியதும். மண் உறைவதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பாக நட்டு முடிக்க வேண்டும். பியோனி புது உறிஞ்சுவேர் விடுவது மண் குளிரத் தொடங்கும் அந்த வாரங்களில்தான்.

நடவுக்குழியைச் செடியைக் கிளப்புவதற்கு இரண்டு வாரம் முன்பே தயார் செய்யுங்கள். 45 செ.மீ. ஆழம், 60 செ.மீ. அகலம். குழிக்குக் குழி 90 செ.மீ. முதல் ஒரு மீட்டர். எடுத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு நன்றாக மக்கிய உரமும் ஒரு கை எலும்புத்தூளும் கலந்து அடிப்பாதியை நிரப்பி, தண்ணீர் விட்டுப் படிய விடுங்கள். களிமண் என்பதால் பாத்தியைச் சுற்றுத் தரையைவிட 10 - 15 செ.மீ. மேடாக அமைப்பது நல்லது. குழியில் மட்டும் பொலபொலப்பான மண்ணைக் கொட்டிச் சுற்றிலும் களிமண் சுவர் விட்டால் அது தொட்டிபோல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே பியோனி இருந்த குழியில் வேண்டாம்; பழைய மண்ணில் புதுத் துண்டு தேறுவதில்லை.

கிளப்பும் நாளில் தண்டைக் கைப்பிடி அளவு, 10 செ.மீ. விட்டு வெட்டுங்கள் (நோயில்லாத தூர் என்பதால்). தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி வட்டமாக மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்குங்கள். நான்கு பக்கமும் இறக்கிய பிறகே நெம்ப வேண்டும். ஒரு பக்கமாக நெம்பினால் வேர் படக்கென்று ஒடியும். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. கண் இருக்கும் இடத்திலேயே பிய்ந்து கையோடு வரும்.

மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். புதிதாக எடுத்த வேர் கேரட்போல் விறைப்பாக இருக்கும், தொட்டாலே முறியும். நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் கிடத்தினால் சற்று வளையும். அப்புறம் உட்கார்ந்து, அவசரமில்லாமல், தலைகீழாகவும் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு கண் கொத்தும் எந்த வேரோடு சேர்ந்திருக்கிறது என்பது தெரியும். சில இடத்தில் வேர்கள் ஒன்றையொன்று பின்னியிருக்கும், அங்கே எந்த வேரைத் தியாகம் செய்வது என்று முதலில் தீர்மானித்துவிட்டுக் கத்தியை வையுங்கள். கட்டைப்பகுதியை வெட்டக் கூரான, கனமான கத்தி. வெட்டு வாயில் பழுப்பாகக் குழி விழுந்திருந்தால் வெள்ளைச் சதை தெரியும் வரை செதுக்குங்கள். விரல் கனத்தில் மூன்று வேராவது ஒவ்வொரு துண்டிலும் இருக்கட்டும். அவற்றை 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக் குறையுங்கள்.

மெல்லிய வேர்களில் மணி கோத்ததுபோல் சிறு முடிச்சுகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அந்தத் துண்டை நடக் கூடாது.

கண்ணில்லாத கொழுத்த வேர் மிஞ்சும். லாக்டிஃப்ளோரா என்ற பியோனி இனத்து வகைகளில் அது அநேகமாக முளைக்காது. அஃபிசினாலிஸ் என்ற இன்னொரு இனத்தின் வழி வந்தவையும் சில கலப்பினங்களும் வெறும் வேரிலிருந்தே கண் விடும். உங்களுடைய மூன்றும் லாக்டிஃப்ளோராதான், அதனால் விட்டுவிடலாம்.

நடும்போது குழிக்குள் மண்ணைக் குவித்து அதன்மேல் வேர்த்தலையை அமர்த்துங்கள், கண் மேல்நோக்கி, வேர் சரிவாகக் கீழ்நோக்கி. பாத்திமேல் குறுக்கே குச்சி வைத்து, குச்சியிலிருந்து கண்ணின் நுனிக்கு 2 செ.மீ. இருக்கும்படி வையுங்கள். 4 வேண்டுமென்றால் ஏன் 2 என்று கேட்பீர்கள்: தண்ணீர் விட்டதும் புது மண் படிந்து தூரும் ஒன்றிரண்டு செ.மீ. இறங்கும். இதைக் கணக்கில் எடுக்காததால்தான் சரியாக அளந்து நட்டவர்களுக்கும் ஆழமாகிப் போகிறது. மண்ணைக் கையால் வேர்களுக்கிடையே திணித்து அழுத்துங்கள், காலால் மிதிக்க வேண்டாம். தண்ணீர் விட்டு, ஒரு வாரம் கழித்து விரலை விட்டு மீண்டும் அளங்கள்.

---

தூறல்

வேர்க்கால் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். முதல் குளிர்காலத்துக்கு மட்டும் 5 - 8 செ.மீ. வைக்கோல் மூடாக்கு போடுங்க, மண் உறைஞ்ச பிறகு. மண் உறைஞ்சு இளகி உறைஞ்சு இளகிப் புதுத் தூரை மேல தூக்கிவிடும், அதைத் தடுக்கத்தான். வசந்தத்துல குருத்து முகம் காட்டுறதுக்கு முன்னாடி முழுக்க எடுத்துடுங்க. ரெண்டாம் வருஷத்துல இருந்து தேவையில்லை. நாலு வருஷமா எடுக்காம விட்டதோட பலனைத்தான் இப்ப அளந்து பார்த்திருக்கீங்க.

நட்ட முதல் வசந்தத்துல மொட்டு வந்தா பட்டாணி அளவுலயே கிள்ளிடுங்க. மனசு கேக்காது, ஆனா அந்த வருஷம் வேருக்குத்தான் சாப்பாடு போகணும். ரெண்டாம் வருஷம் ஒண்ணு ரெண்டு பூ விடலாம். மூணாம் வருஷத்துல இருந்துதான் அந்த ரகத்தோட உண்மையான பூ வரும். முதல் வருஷப் பூவைப் பார்த்து, இதழ் கம்மியா இருக்கே, தப்பான ரகம் கொடுத்துட்டாங்கன்னு முடிவு பண்ணாதீங்க.

---

பனித்துளி

இடையில் ஒரு கேள்வி. குளிர்காலத்தில் உறைபனி அபூர்வமாக விழும் தோட்டத்தில் பியோனி வருமா? இரவில் 3 - 4 டிகிரி வரை இறங்கும், ஆனால் தொடர்ந்து இருக்காது.

---

கீற்றுநிலா

விளிம்பில் இருக்கிறீர்கள், வாய்ப்பு உண்டு. கண்ணுக்குள் இருக்கும் உறக்கம் கலைய 5 டிகிரிக்குக் கீழே மொத்தமாக ஆறு முதல் எட்டு வாரமாவது வேண்டும். அது போதாவிட்டால் தண்டு குட்டையாக, எண்ணிக்கையில் குறைவாக, மொட்டில்லாமல் வரும்.

கிடைக்கும் குளிரை வீணாக்காமல் இருக்க: கண்ணுக்குமேல் 1.5 - 2 செ.மீ. மண் மட்டும், மூடாக்கே கூடாது, இலையுதிர் காலத்தில் தானாகக் காயக் காத்திராமல் தண்டை வெட்டித் தண்ணீரைக் குறைத்துச் செடியை உறங்க வையுங்கள். ரகத் தேர்வும் முக்கியம். சாரா பெர்னார்ட் போலப் பிந்திப் பூக்கும், இதழ் அடர்ந்த ரகங்களில் மொட்டு விரிவதற்குள் வெயில் ஏறிவிடும். மொட்டு வெந்து திறக்காமல் போகும். முந்திப் பூக்கும் கோரல் சார்ம், ஒற்றையடுக்கு ரகங்கள், ஃபெஸ்டிவா மாக்சிமா ஆகியவை தேறும். இட்டோ கலப்பினமான பார்ட்செல்லாவும் முயன்று பார்க்கத் தகுந்தது.

5 டிகிரிப் பக்கமே போகாத சமவெளித் தோட்டம் என்றால் தரையில் நடுவது வீண். 45 செ.மீ. ஆழத் தொட்டியில் வளர்த்து, தண்டு காய்ந்ததும் 2 - 4 டிகிரிக் குளிரறையில் எட்டு முதல் பத்து வாரம் வைத்து எடுக்க முடிந்தால் மட்டுமே சாத்தியம். தொட்டி மண் காய்ந்துவிடாமலும் நனைந்து சொதசொதக்காமலும் பார்க்க வேண்டும்.

---

நந்தியாவட்டை

கடைசியா இரண்டு விஷயம். கார்ல் ரோசன்ஃபீல்டில் நல்ல மொட்டு நாலு மிஞ்சியிருக்கு. தண்டு சாயுது, முட்டுக் கொடுக்கணுமா? வெட்டி ஜாடியில் வைக்க ஆசை, எந்தக் கட்டத்தில் வெட்டணும்?

---

தூறல்

முட்டு வளையம் மாட்டுற நேரம் குருத்து 20 - 30 செ.மீ. இருக்கும்போது, தண்டு வளையத்துக்குள்ளயே வளர்ந்து ஏறணும். இப்ப 40 தாண்டிடுச்சு, மேல இருந்து மாட்டினா மொட்டு ஒடியும். தூரைச் சுத்தி நாலு குச்சி ஊன்றி, தரையில இருந்து 35, 60 செ.மீ. உயரத்துல ரெண்டு சுத்து மெத்தையான கயிறு கட்டுங்க. இறுக்கி மூட்டையா கட்டிடாதீங்க, காத்து போகணும். மழை வரும்னா விரிஞ்ச பூவைக் குலுக்கித் தண்ணியை உதறிடுங்க. அடுக்குப் பூ தண்ணியைக் குடிச்சுதான் சாயும்.

தண்டு நுனியில நடு மொட்டுக்குக் கீழ சின்னப் பக்க மொட்டு இருந்தா, பெரிய பூ வேணும்னா அதைப் பட்டாணி அளவுலயே கிள்ளுங்க. நிறைய நாள் பூ இருக்கணும்னா விட்டுடுங்க. ரெண்டுமே சரிதான்.

---

கீற்றுநிலா

வெட்டும் பதம்: மொட்டின் நிறம் தெரிய வேண்டும், கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பக்கவாட்டில் மெல்ல அழுத்தினால் பஞ்சுத் தலையணைபோல் அமுங்கித் திரும்ப வேண்டும். கல்போல் இருந்தால் ஜாடியில் விரியாது. காலைக் குளிரில் வெட்டுங்கள். தூரில் விடும் தண்டில் குறைந்தது இரண்டு மூன்று இலையாவது இருக்கட்டும், மொத்தத் தண்டில் மூன்றில் ஒன்றுக்குமேல் வெட்ட வேண்டாம். உங்கள் தூர் நோயிலிருந்து மீள்வதால் இந்த வருடம் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எறும்பு இருந்தால் மொட்டைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தால் போய்விடும்.

நோயில்லாத தூரில் வெட்டியது என்றால் உடனே ஜாடியில் வைக்க வேண்டியதும் இல்லை. இலையைக் களைந்து, தண்ணீரில்லாமல் தாளில் சுருட்டி 0 - 2 டிகிரியில் படுக்க வைத்தால் மூன்று நான்கு வாரம் தாங்கும். எடுக்கும்போது அடியை 2 செ.மீ. வெட்டிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் விரியும். போட்ரைடிஸ் தொட்ட தூரின் மொட்டை இப்படிச் சேமிக்காதீர்கள், குளிரிலும் பூசணம் வளர்ந்து பக்கத்து மொட்டுக்கும் பரவும்.

---

வேர்க்கால்

இலையுதிர் காலத்தில் நட்டதும் ஒவ்வொரு தூரின் ஓரத்திலும், கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு குச்சி ஊன்றி ரகப்பெயரும் நட்ட வருடமும் எழுதி வையுங்கள். தண்டு மறைந்த பிறகு அங்கே செடி இருப்பதே தெரியாது. வசந்தத் தொடக்கத்தில் களைக்கொத்து இறங்குவது பெரும்பாலும் 3 செ.மீ.தான். கண் இருப்பதும் அதே 3 செ.மீ.யில்.